பத்து மாசக் குழந்தை ஒரு இடத்துல நிக்கறதில்ல: வீட்டுலயும் ஏற்காடு பயணத்துலயும் என்ன ஏற்பாடு பண்ணலாம்?

நிலாஅம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கோம். பாப்பாவுக்குப் பத்து மாசம். தவழறா, எதைப் பிடிச்சாலும் எழுந்து நிக்கறா. கீழே விட்டா அடுத்த நிமிஷம் அடுப்படியிலயோ பாத்ரூம் வாசல்லயோதான் இருப்பா. சுவத்துல ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். தண்ணி தினமும் வராது, அதனால டிரம்முலயும் அண்டாவுலயும் பிடிச்சு வைக்காம முடியாது. இன்வர்ட்டர் பேட்டரி ஹால் மூலையில தரையிலயே இருக்கு. வாக்கர் வாங்கிக் குடுத்தா கொஞ்ச நேரம் வேலை பாக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, வாங்கலாமா?

ஜனவரி கடைசியில மாமனார் மாமியாரோட ரெண்டு நாள் ஏற்காடு போறோம். சின்ன கார். என் கணவர் ஓட்டுவார், அவரையும் சேத்துப் பெரியவங்க நாலு பேர், பாப்பா. மடியிலயே வெச்சுக்கலாம்னு அத்தை சொல்றாங்க. கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுப்பாளா? காது அடைக்குமா? மேல போய் அவளுக்கு என்ன குடுக்கறது, எந்த இடத்துல இறக்கி விடலாம்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

தொட்டில்பாட்டு பதில்:

வாக்கர் வேண்டாம் தங்கச்சி. கனடாவுல 2004-லயே விக்கறதுக்குத் தடை போட்டுட்டாங்க. சக்கரம் இருக்கறதால, நாம எட்டிப் பிடிக்கறதுக்குள்ள குழந்தை படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போயிடும். நிக்கற உயரம் கூடறதால மேசை மேல இருக்கற காபி டம்ளரும் கைக்கு எட்டும். நடக்கறதுக்கு உதவியும் இல்ல, நுனிக்கால்ல தள்ளிப் பழகிடும். மரத்துல செஞ்ச மூணு சக்கர நடைவண்டி வேற விஷயம். அது குழந்தை தானா நின்னு தள்ளறது. ஆனா டைல்ஸ் தரையில சக்கரம் வழுக்கி முன்னால ஓடும். பிடிமானமா நிக்க ஆரம்பிச்ச பிறகு, கீழ்ப்பலகையில ரெண்டு கிலோ அரிசிப் பையை வெச்சுக் கட்டி, பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும் குடுங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட 2019 வழிகாட்டியில, ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தையை ஒரே தொடர்ச்சியா ஒரு மணி நேரத்துக்கு மேல வண்டியிலயோ நாற்காலியிலயோ முதுகுலயோ கட்டி வைக்கக் கூடாதுன்னு இருக்கு. அதனால பிடிச்சு வைக்க வழி தேடாதீங்க. விடறதுக்கு ஒரு இடத்தைத் தயார் பண்ணுங்க. ஹால்ல ஒரு ஓரத்தைக் காலி பண்ணி ஜமக்காளத்தை ரெண்டா மடிச்சு விரிங்க. டைல்ஸ்ல ஜமக்காளம் நழுவும், அடியில ஒரு ரப்பர் வலை விரிப்பு போட்டா நிக்கும். பஸில் மாதிரி கோத்துப் போடற நுரை மேட் வேண்டாம். பல்லு வர்ற வயசுல ஓரத்தைக் கடிச்சு எடுத்துடுவா, அந்தத் துண்டு தொண்டையில சிக்கும். காலுக்கு சாக்ஸும் வேண்டாம், வெறுங்கால்தான் தரையைப் பிடிக்கும்.

அடுப்படியில கீழ்த்தட்டு ஒண்ணை அவளுக்குன்னே விட்டுடுங்க. எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, மூடி கழலாத டப்பா, வழுவழுன்னு தேய்ச்ச கொட்டாங்குச்சி, இப்படி ஆறேழு சாமான் போதும். மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க. பழைய சாமானே புதுசாத் தெரியும், நீங்க சமைக்கற நேரம் அங்கேயே உக்காந்து கொட்டிக்கிட்டு இருப்பா. அந்தத் தட்டு அடுப்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும், நீங்க திரும்பற வழியில இருக்கக் கூடாது.

இனி ஆபத்தான இடங்கள். நம்ம ஊர் வீடுகள்ல நான் முதல்ல வைக்கறது தண்ணி. வாளியில அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி இருந்தாலே போதும், ஆபத்து. இந்த வயசுல உடம்பை விடத் தலை கனம். எட்டிப் பாத்தா தலைகுப்புற விழும், திரும்ப எழ முடியாது, சத்தமும் வராது. பக்கத்து ரூம்ல இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால வாளி, அண்டா, குண்டான் எல்லாத்தையும் உபயோகிச்சதும் கவுத்து வைங்க. டிரம்முக்குத் திருகு மூடியோ கொக்கி வெச்ச மூடியோ இருக்கணும். மேல சும்மா வெச்ச தட்டு பத்தாது. கல்லை வெச்சு அழுத்தறதும் சரியில்ல, அதை இழுத்துக் கால்ல போட்டுக்குவா. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் மேல் தாழ்ப்பாள் இருந்தா எப்பவும் போட்டே வைங்க. இல்லேன்னா ஆணி இல்லாமலே ஒட்டற பூட்டுப் பட்டை கிடைக்கும். பெயின்ட் அடிச்ச கதவுல ஈரத்தையும் எண்ணெயையும் நல்லாத் துடைச்சிட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அப்புறம் இழுத்துப் பாருங்க.

மாடி வீடுங்கறதால கிரில் கேட்டும் பால்கனியும். படிக்குப் போற கதவை எப்பவும் மேல் தாழ்ப்பாள் போட்டு வைங்க. கடையில விக்கற, ரெண்டு பக்கமும் அழுத்தி நிக்கற தடுப்புக் கேட் ரூம் வாசலுக்கு நல்லது, படிக்கட்டு உச்சிக்கு மட்டும் வேண்டாம். குழந்தை சாய்ஞ்சு தள்ளினா அது அப்படியே கழண்டு படியில விழும். அங்க திருகாணி போட்டதுதான் நிக்கும். பால்கனி கம்பி இடைவெளி பத்து சென்டிமீட்டருக்கு மேல இருந்தா உடம்பு நுழைஞ்சிடும். குறுக்குக் கம்பியா இருந்தா அதுவே அவளுக்கு ஏணி. ஆணி அடிக்காம செய்யறதுன்னா, கம்பிக்கு வெளிப்பக்கம் மூணடி உயரத்துக்கு பாலிகார்பனேட் ஷீட்டோ கெட்டியான நிழல்வலையோ வெச்சு, அரையடிக்கு ஒரு கேபிள் டை போட்டு இறுக்குங்க. வெட்டின நுனி வெளிப்பக்கம் இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் பக்கத்துல பூந்தொட்டி, பிளாஸ்டிக் சேர், கவுத்த வாளி எதுவும் நிக்கக் கூடாது.

எழுந்து நிக்கற குழந்தை பிடிக்கறது எல்லாம் சாயும். பிளாஸ்டிக் ரேக், டிவி ஸ்டாண்டு, மடக்கு மேசை மூணும்தான் மோசம். உங்க ஜன்னல்ல கம்பி இருக்கும் இல்லையா, ரேக்கை ஜன்னலோரம் நகர்த்தி அந்தக் கம்பியோட நைலான் பட்டையால கட்டிடுங்க, ஆணியே வேண்டாம். கனமான சாமானைக் கீழ்த்தட்டுல வைங்க. மேசை விரிப்பை எடுத்துடுங்க, அதை இழுத்தா மேல இருக்கறது எல்லாம் தலையில வரும்.

இன்வர்ட்டர் பேட்டரியை மேல தூக்க முடியாது, 50 கிலோவுக்கு மேல இருக்கும். மூடின பிளாஸ்டிக் டிராலி வாங்கி உள்ளே வைங்க. காத்துத் துளை இருக்கணும், ஏன்னா சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காத்துப் புகாத பெட்டியில அடைக்கக் கூடாது. பேட்டரி முனைக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்க. தரையில கிடக்கற ஜங்ஷன் பாக்ஸ் அதை விட மோசம். சுவத்து பிளக்காவது உயரத்துல இருக்கு, இது அவ வாய் உயரத்துலயே இருக்கு. சார்ஜர் ஒயரைக் கடிப்பா. உங்க மீட்டர் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிஞ்சா தானா கரண்டை நிறுத்தற சுவிட்ச்) இருக்கான்னு வீட்டுக்காரரைக் கேளுங்க. இல்லேன்னா அதைப் போடச் சொல்லி வற்புறுத்துங்க, ஆணி விஷயத்துல விட்டுக்குடுத்த மாதிரி இதுல விடாதீங்க.

சாமி ரூம்ல கற்பூரம், பீரோவுல அந்துருண்டை, ரெண்டையும் பூட்டி வைங்க. கற்பூரம் கொஞ்சம் முழுங்கினாலே வலிப்பு வரும். தரையில உக்காந்து சாப்பிடற வீடா இருந்தா, ரசம் சாம்பார் குண்டானைத் தரையில வைக்கற பழக்கத்தை ஒரு வருஷத்துக்கு விட்டுடுங்க. அதை இழுத்துத்தான் இந்த வயசுல நிறைய வெந்துபோகுது.

மலைப்பாதை பதில்:

கார் விஷயம் மட்டும் சொல்றேன்.

மடியில வெச்சுக்கறது வேண்டவே வேண்டாம்னு உங்க அத்தைகிட்ட பதமா எடுத்துச் சொல்லுங்க. மணிக்கு நாப்பதுல போற கார் திடீர்னு நின்னா, ஒன்பது கிலோ குழந்தையை எந்தக் கையாலயும் பிடிச்சு வைக்க முடியாது. பெரியவங்க பெல்ட் போடாம இருந்தா அவங்க எடையும் குழந்தை மேலதான் விழும். ஒரே பெல்ட்டுக்குள்ள ரெண்டு பேரும் உக்கார்றது அதை விட ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 194-பி பிரிவுலயே பதினாலு வயசுக்குள்ள குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லேன்னா 1000 ரூபாய் அபராதம் இருக்கு.

இருக்கை வாங்கும்போது ஏஐஎஸ் 072, அல்லது ஈசிஇ ஆர்44, ஆர்129ங்கற பாதுகாப்புத் தர எண்கள்ல ஒண்ணு ஸ்டிக்கர்ல இருக்கணும். பத்து மாசத்துக்குப் பின்னோக்கித்தான் மாட்டணும், அதாவது குழந்தை முகம் காரோட பின்பக்கம் பாத்து இருக்கணும். இந்த வயசுல கழுத்து எலும்பு இன்னும் கெட்டிப்படல. முன்னோக்கி உக்காந்தா பிரேக் அடிக்கும்போது தலை மட்டும் முன்னால பாயும். முன் சீட்ல ஏர்பேக் இருந்தா பின்னோக்கின இருக்கையை அங்க வைக்கவே கூடாது. நாலு பேருக்கு இடம் எப்படின்னா: உங்க மாமனார் முன்னால, பின்னால இடது ஓரத்துல குழந்தை இருக்கை, பக்கத்துல நீங்க, வலது ஓரத்துல அத்தை. இடது பக்கம் வெச்சா ரோட்டோரம் நிறுத்தி இறக்கும்போது வண்டி போற பக்கம் நிக்க வேண்டாம்.

மாட்டினப்புறம் இருக்கையை அடியில பிடிச்சு ஆட்டுங்க. இப்படி அப்படி ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல அசைஞ்சா பெல்ட் சரியா இறுகலைன்னு அர்த்தம். முழங்காலை சீட்ல அழுத்திக்கிட்டு பெல்ட்டை இழுங்க. குழந்தையோட தோள்பட்டை வார், பின்னோக்கின இருக்கையில தோளுக்குச் சமமாவோ கொஞ்சம் கீழேயோ வரணும். தோள்கிட்ட வாரைக் கிள்ளிப் பாருங்க, மடிப்பு கையில வந்தா இன்னும் இறுக்கணும். ஏற்காட்டுல ஜனவரியில குளிரும்னு கம்பளி ஸ்வெட்டர் போட்டு அதுக்கு மேல வார் போடாதீங்க. பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துடும். மெல்லிசு சட்டையோட வார் போட்டு, மேல போர்வை போத்துங்க.

பயணத்துக்கு முந்தின வாரம் ரெண்டு மூணு தடவை அந்த இருக்கையில வெச்சு அஞ்சு ரோடு வரைக்கும், ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாங்க. முதல் தடவையே மலையேத்தத்துல உக்கார வெச்சா கத்தித் தீத்துடும்.

இப்ப பாதை. கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கேர்ந்து இருபது கொண்டை ஊசி. காலையில ஆறரை ஏழுக்குள்ள கிளம்பிடுங்க. சனி ஞாயிறு பத்து மணிக்கு மேல போனா வளைவுக்கு வளைவு நிக்கணும். வண்டி நிக்கும்போதுதான் குழந்தை அழ ஆரம்பிக்கும். அடிவாரத்துல வண்டியை ஓரங்கட்டி, பாயை விரிச்சுப் பதினஞ்சு இருபது நிமிஷம் தவழ விட்டுட்டு, டயாப்பரை மாத்திட்டு ஏறுங்க. வளைவுல முழு வட்டமும் ஒரே சீரா ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்க, உள்ளே போனப்புறம் பிரேக் பிடிக்கறதாலதான் எல்லாருக்கும் குமட்டும். ஏறுற வண்டிக்குத்தான் வழி. இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்தா சூடாகிப் பிடிக்காம போகும்.

ரெண்டு வயசுக்குள்ள குழந்தைக்கு நமக்கு வர்ற மாதிரி பயணக் குமட்டல் வர்றது அபூர்வம். இவங்க வாந்தி எடுக்கறது வயிறு நிறைஞ்சிருக்கும்போது வளைஞ்சு வளைஞ்சு போறதால. ஏறுறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாலயே ஊட்டி முடிச்சிடுங்க. வாந்தி மாத்திரை எதுவும் நீங்களா குடுக்காதீங்க.

காது: சேலம் கடல் மட்டத்துலேர்ந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். நல்லா இருக்கற காதுக்கு இது பெரிய விஷயம் இல்ல. ஏறும்போதை விட இறங்கும்போதுதான் அடைக்கும். முழுங்கினா திறந்துக்கும். இறங்கும்போது நடு நடுவுல ரெண்டு வாய் தண்ணி குடுங்க, இல்லேன்னா அகலமான இடத்துல நிறுத்திப் பால் குடுங்க. ஓடற வண்டியில இருக்கையிலேர்ந்து எடுத்துப் பால் குடுக்கக் கூடாது. சளி முத்திக் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா டாக்டரைப் பாத்துட்டுக் கிளம்புங்க.

ஒரு சின்ன விஷயம். சேலத்துல இறுக்கி மூடின உறிஞ்சு குடிக்கற டம்ளரை மேல போய்த் திறந்தா பீச்சி அடிக்கும். அங்க காத்தழுத்தம் குறைவு, சிப்ஸ் பாக்கெட் உப்பற அதே காரணம். துணியைச் சுத்திக்கிட்டு, முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பித் திறங்க.

மழை பெஞ்சா அன்னிக்குப் போகாதீங்க. 2024 டிசம்பர் பெஞ்சல் புயல் மழையில அந்தப் பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு.

ராகிக்கஞ்சி பதில்:

சாப்பாட்டுக்கு நான்.

பத்து மாசத்துக்கு நாளைக்கு மூணு நாலு வேளை, ஒவ்வொரு வேளையும் 250 மில்லி கிண்ணத்துல பாதி. நடுவுல ஒண்ணு ரெண்டு சிற்றுண்டி. தாய்ப்பால் எப்பவும் போல. நகர்ந்துக்கிட்டே இருக்கற குழந்தை பின்னால கிண்ணத்தோட ஓடாதீங்க. தவழ்ந்துக்கிட்டே மெல்லும்போது சட்டுனு விக்கிக்கும். உக்கார வெச்சு இருபது நிமிஷம், அதுக்குள்ள சாப்பிட்டது போதும், எடுத்துடுங்க. ஒரு கையில அவளுக்குன்னு விரல் நீளத்துக்கு இட்லித் துண்டோ, வேகவெச்ச சக்கரைவள்ளிக் கிழங்கோ குடுத்துட்டு, இன்னொரு பக்கம் நீங்க ஊட்டினா உக்காந்திருப்பா. ஜன்னலோரம் செல்போனைக் காட்டி ஊட்டறது வேண்டாம், வயிறு நிறைஞ்சது அவளுக்கே தெரியாம போகும்.

உப்பும் சக்கரையும் ஒரு வயசு வரைக்கும் சேக்காதீங்க. தேன் ஒரு சொட்டு கூட வேண்டாம். ஏற்காட்டுல மலைத்தேன்னு வித்தா பெரியவங்க நாக்குல தடவிடுவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. தேன்ல இருக்கற பாட்டுலிசம் கிருமியோட வித்து ஒரு வயசுக்குள்ள குடல்ல முளைச்சு நச்சை உண்டாக்கும், கொதிக்க வெச்சாலும் வித்து சாகாது.

நம்ம ஊர்ல ஜவ்வரிசிக் கஞ்சிதான் குழந்தைக்கு நல்லதுன்னு எல்லா வீட்டுலயும் சொல்வாங்க. அது முழுக்க மாவுச்சத்து. வயிறு நிறையும், ஆனா புரதமும் இரும்பும் கிட்டத்தட்ட இல்ல. குடுக்கறதா இருந்தா பொடிச்சுக் கஞ்சியாக்கி, பாசிப்பருப்பு வேகவெச்சுக் கலந்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் குடுங்க. முழு ஜவ்வரிசியா போட்டா நடுவுல வெள்ளையா வேகாம இருக்கறது கெட்டியா இருக்கும்.

பயணத்துக்கு: வறுத்து அரைச்ச ராகி, பாசிப்பருப்பு, அரிசி மாவைக் காஞ்ச டப்பாவுல எடுத்துக்குங்க. ஒரு வேளைக்கு மூணு ஸ்பூன் மாவு, 150 மில்லி தண்ணி. ஃபிளாஸ்க் தண்ணியில சும்மா கலக்கினா மாவு வேகாது, வயித்தைப் பிடிக்கும். தங்கற இடத்துல ஒரு சின்ன எலக்ட்ரிக் கெட்டிலோ சமையலறையோ இருக்கான்னு கேட்டுட்டு அங்க காய்ச்சுங்க. ஏற்காட்டு உயரத்துல தண்ணி ஏறத்தாழ 95 டிகிரியிலயே கொதிக்கும், அதனால பருப்பு வேக நேரம் ஆகும். மாவை அஞ்சு நிமிஷம் கூடவே கிளறுங்க. குடிக்கற தண்ணிக்கு ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிச்சாலே கிருமி செத்துடும்.

போற வழிக்கு காலையில வெச்ச இட்லி, சட்னி இல்லாம. சேலம் வெயில்ல காருக்குள்ள இருந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல அதை நம்பாதீங்க. வாழைப்பழம் தோலோட வர்றதால அதுதான் பத்திரம். தயிர்சாதம் வேண்டாம், புளிச்சுடும். மலையில கொய்யா, பலா எது வித்தாலும் அவளுக்கு வேண்டாம். பொரி, முறுக்கு, தட்டுவடை, வேர்க்கடலை, முழுத் திராட்சை, மாதுளை முத்து இதெல்லாம் பெரியவங்க கையிலேர்ந்து அவ வாய்க்குப் போகாம பாருங்க. கடலை நாலஞ்சு வயசு வரைக்கும் முழுசா குடுக்கக் கூடாது.

நிலாஅம்மா:

ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. எவ்வளவு விவரம்! இன்னும் ரெண்டு சந்தேகம். வீட்டுல தூளியிலதான் தூங்கறா, இப்ப எழுந்து உக்காந்து சேலையைப் பிடிச்சுக்கறா. ஏற்காட்டுலயும் தூளி கட்டலாமா? அத்தை காலுக்கு சலங்கை வெச்ச வெள்ளிக் கொலுசும், கைக்கு வசம்பு வளையலும் போட்டிருக்காங்க. அதைக் கழட்டணுமா?

தொட்டில்பாட்டு:

உக்காந்து பிடிச்சுக்கற நாள்லேர்ந்து தூளி முடிஞ்சது. பக்கவாட்டுல சாய்ஞ்சு விழும், சேலை மடிப்புல கழுத்தும் மாட்டும். லாட்ஜ்ல ஃபேன் கொக்கியில கட்டவே கட்டாதீங்க, அது எவ்வளவு எடை தாங்கும்னு யாருக்கும் தெரியாது. தரையில மெத்தை, பக்கத்துல நீங்க. தலையணை வேண்டாம். கட்டில்ல படுக்க வெச்சு ஓரத்துல தலையணை அடுக்கறது எழுந்து நிக்கற குழந்தைக்கு படிக்கட்டு கட்டிக் குடுத்த மாதிரிதான். இடம் மாறினா தூக்கம் வராது, அதனால வீட்டுப் போர்வை ஒண்ணைத் துவைக்காம எடுத்துட்டுப் போங்க. இந்த வயசுக்குப் பகல் தூக்கமும் சேத்து 12 முதல் 16 மணி நேரம் வேணும். பகல்ல ரெண்டு தூக்கத்தையும் விடாதீங்க. அதை விட்டாத்தான் சாயங்காலம் காரணமே இல்லாம அழும்.

கொலுசு நம்ம ஊர் அடையாளம், போடக் கூடாதுன்னு சொல்ல மனசு வராது. ஆனா சலங்கை முத்து வேண்டாம். அந்த முத்து அளவுதான் மூச்சுக்குழாய்க்குச் சரியா சிக்கற அளவு. செவ்வாய்ப்பேட்டையில குடுத்து முத்தை எடுத்துட்டு வழுவழுன்னு ஆக்கித் தரச் சொல்லுங்க. திருகாணி தளர்ந்திருக்கான்னு வாரம் ஒரு தடவை பாருங்க. தூங்கும்போது கழட்டிடுங்க. வசம்பு வளையலை இன்னிக்கே எடுத்துடுங்க. அதைச் சப்பிக்கிட்டே இருப்பாங்க, வசம்பு உள்ளே போனா வாந்தியும் மயக்கமும் வரும். அரைஞாண் கயிறு இருக்கட்டும், ரெண்டு விரல் நுழையற தளர்ச்சி இருந்தாப் போதும், அதுல தாயத்து தொங்கக் கூடாது.

வார்டு_எண்_நாலு பதில்:

மேலே சொன்னவை எல்லாம் சரி. விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன் வீட்டில் உள்ள நால்வரும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏதாவது தொண்டையில் சிக்கி, குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள், முதுகில் தட்ட வேண்டாம். சத்தமே வராமல், முகம் நீலம் பாரித்தால் உடனே செயல்பட வேண்டும். குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடியுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை அழுத்தமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பாகத்தால் 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும் வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாயில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் வயிற்றை அமுக்கக் கூடாது, கல்லீரல் கிழியும்.

சூடுபட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மாவு, இங்க் எதுவும் வேண்டாம். துணி ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, இடுப்புக்குக் கீழ் என்றால் தண்ணீர் காட்டிய கையோடு மருத்துவமனை.

கடிகாரம், ரிமோட், சாவி லைட் ஆகியவற்றின் பொத்தான் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஓடுங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். கொசுவிரட்டித் திரவம், மண்ணெண்ணெய், பினாயில் எது குடித்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால்தான் நிலைமை மோசமாகும். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு பையில் இருக்கட்டும். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு கூடிப்போகும். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில் மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழச்சாறு மாதிரி அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் இதற்குப் பதிலாகாது. ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்துவிட்டது, அழுதால் கண்ணீர் இல்லை என்றால் மலையில் காத்திருக்க வேண்டாம்.

ஏற்காட்டில் குரங்குகள் இருக்கின்றன, உணவுப் பையைப் பறிக்கும். குழந்தை கையில் பிஸ்கட்டோடு இறக்கிவிடாதீர்கள். கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டும்.

மலைப்பாதை:

எங்க இறக்கி விடறதுன்னு கேட்டது விட்டுப் போச்சு. தள்ளுவண்டி வேண்டாம், மேல எங்கயும் உருளாது. குழந்தையை நெஞ்சோட முன்பக்கம் கட்டிக்கற பை எடுத்துக்குங்க. குழந்தையோட முட்டி இடுப்பை விட மேல இருக்கணும், முகம் உங்களுக்குத் தெரியணும், தாடை நெஞ்சுல அழுந்தக் கூடாது.

தவழ விடறதுன்னா ஏரிக்கரை அண்ணா பூங்கா புல்தரைதான். காலையில பனி ஈரம் இருக்கும், ஒன்பதரைக்கு மேல போங்க. அடியில மடிச்ச பிளாஸ்டிக் விரிப்பு, மேல ஜமக்காளம். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் ரெண்டுலயும் பையை விட்டு இறக்காதீங்க, பாறை விளிம்பு. கிளியூர் அருவி இந்தத் தடவை வேண்டாம். இறக்கமா நிறைய படி, பாசி. படகுல குழந்தை அளவுக்கு உயிர்காப்புச் சட்டை குடுத்தா மட்டும் ஏறுங்க. பெரிய சட்டையைப் போட்டா தண்ணியில அது மேல வரும், குழந்தை கீழே நழுவும்.

எஸ்டேட் ஓரத்துல நின்னா கீழே பாருங்க. ஜனவரி காப்பிப் பழம் பறிக்கற காலம், சிவப்புப் பழம் உதிர்ந்து கிடக்கும். கண்ணைப் பறிக்கற நிறம், தொண்டையில சிக்கற அளவு.

நிலாஅம்மா:

டயாப்பர் எத்தனை எடுத்துக்கணும்? அங்க எங்க போடறது?

ராகிக்கஞ்சி:

பகல்ல மூணு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு நாலு, ராத்திரிக்கு ஒண்ணு, பேதி வந்தாலும் சமாளிக்க நாளைக்கு நாலு கூட. ரெண்டு நாளைக்கு பதினெட்டு எடுத்துக்குங்க. குளிர்ல ஒண்ணுக்குப் போறது கூடும், ஈரத்தோட விட்டா தொடை இடுக்குல செவந்துடும். மாத்தும்போது தண்ணியால துடைச்சு, ஒரு நிமிஷம் காத்தாட விட்டு, தேங்காயெண்ணெய் தடவிட்டுப் போடுங்க. மலத்தைக் கழிப்பறையில தட்டி விட்டுட்டு, டயாப்பரை உள்பக்கமா சுருட்டி அதோட ஒட்டுப்பட்டையாலயே ஒட்டி, பழைய செய்தித்தாள்ல சுத்தி ஒரு மூடி போட்ட டப்பாவுல சேத்துக்கிட்டே வாங்க. காப்பித் தோட்டத்துல வீசினா குரங்கும் மாடும் கிழிக்கும். கீழே கொண்டுவந்து மாநகராட்சி வண்டி வரும்போது தனியா சொல்லிக் குடுங்க.